வேலையை விட்ட பின் எஞ்சும் கடமைகள்

பெங்களூரின் காக்ஸ் டவுனில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. அங்குள்ள இளைஞர் ஒருவர் ஒரு நிறுவனத்தை விட்டு மற்றொன்றில் சேர விழையும்போது, முன்பு படிக்காமலே கையெழுத்திட்ட ஒப்பந்தம் அவரை அச்சுறுத்துவது இயல்பே. ஆயின் அதிலுள்ள விதிகள் அனைத்தும் செல்லுபடியாவன அல்ல.

1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆவது பிரிவு, ஒருவர் சட்டபூர்வமான தொழில் செய்வதைத் தடுக்கும் உடன்பாடு அந்த அளவிற்குச் செல்லாது என்கிறது. கிரிக்கெட் வீரர் ஜாகீர்கானை ஒப்பந்தக் காலம் முடிந்த பின்னும் கட்டுப்படுத்த முயன்ற நிறுவனத்திற்கு, 2006இல் உச்சநீதிமன்றம் இதன்படி இடமளிக்கவில்லை. அவர் ஊழியரல்லர், எனினும் கோட்பாடு ஊழியர்க்கும் பொருந்தும்.

ஒப்பந்தக் காலம் முடியுமுன் விலகுவது வேறு. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த விஜயா வங்கியில், மூன்றாண்டு பணியாற்றாமல் விலகுவோர் ரூ. 2 லட்சம் செலுத்த வேண்டும் என்ற விதி இருந்தது. 2009இல் விலகிய அதிகாரி ஒருவர், ஆட்சேபம் தெரிவித்தே அத்தொகையைச் செலுத்தி வழக்குத் தொடர்ந்தார். கர்நாடக உயர்நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. உச்சநீதிமன்றமோ 2025இல் வங்கியின் விதியை ஏற்றது. பொதுத்துறை வங்கி பகிரங்கத் தேர்வு நடத்தியே ஆளெடுக்க வேண்டியிருப்பதால், அதன் செலவும் கருதப்பட்டது. வேறு வேலைக்குச் செல்வதை அவ்விதி தடுக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

நிறுவனத்தின் இரகசியத்தைக் காக்கும் கடமை விலகிய பின்னும் தொடரும். பணியில் பெற்ற திறமை ஊழியருக்கே உரியது. வாடிக்கையாளர் பட்டியலின் நகல் அவ்வாறன்று.