தடுப்பூசிக்கு முன்வருவோர் எத்தனை பேர்?

பெங்களூரிலுள்ள பிரேசர் டவுன், கொள்ளைநோயின் விளைவாகத் தோன்றிய பேட்டையாகும். 1898-ல் அந்நகரைப் பிளேக் தாக்கிற்று. பின்னர், கன்டோன்மென்டின் நெருக்கத்தைக் குறைக்கும் பொருட்டு 1906-ல் இப்பேட்டை நிறுவப்பட்டது. ஹாஃப்கின் என்பார் 1897-ல் பம்பாயில் உருவாக்கிய பிளேக் தடுப்பு மருந்து அப்போதே இருந்தது; ஆயினும் நாட்டில் பலர் ஊசிக்கு அஞ்சினர். மருந்து இருப்பது வேறு, மக்கள் முன்வருவது வேறு.

முன்வருவோர் தொகையை மதிப்பிட இன்று இருவகைச் சான்றுகள் உள்ளன. முதலாவது, சுகாதாரப் பதிவேடு. பென்டாவேலன்ட் ஊசி குழந்தைக்கு 6, 10, 14 வாரங்களில் போடப்படுகிறது. ஒரு வட்டாரத்தில் 200 குழந்தைகள் முதல் ஊசியையும், அவர்களுள் 170 பேர் மட்டும் மூன்றாம் ஊசியையும் பெற்றதாகக் கொள்வோம். விடுபட்டோர் 30 பேர். அதாவது நூற்றுக்கு 15. இவ்விகிதம் 10-க்கு மேற்படின் கவனம் தேவை என்பது பொதுவான அளவுகோல். அடுத்த ஆண்டின் வருகையையும் இதைக் கொண்டு உத்தேசிக்கலாம்.

இரண்டாவது, இணையத் தேடல். கூகுள் நிறுவனம் ஒரு சொல் தேடப்படும் அளவை 0 முதல் 100 வரையிலான ஒப்பு எண்ணாகத் தருகிறது. இது ஆட்தொகையன்று. "ஊசி போட்டால் காய்ச்சல் வருமா?" என்று தேடுபவர் ஆவலுடையவராகவும் இருக்கலாம், அச்சமுடையவராகவும் இருக்கலாம். தேடலைக் கொண்டு சளிக்காய்ச்சலைக் கணிக்க அந்நிறுவனம் 2008-ல் தொடங்கிய திட்டம், 2012-13 பருவத்தில் அமெரிக்காவில் நோயை ஏறத்தாழ இரு மடங்காக மிகைப்படுத்திற்று, 2015-ல் நிறுத்தப்பட்டது.

மேலும், ஒரு பேட்டையின் கணக்கு அதில் தனியே கிடைப்பதில்லை. பிரேசர் டவுனில் தமிழ், உருது, கன்னடம், ஆங்கிலம் ஆகியவை வழங்குகின்றன. ஒரு மொழிச் சொல்லை மட்டும் எண்ணினால் ஏனையோர் விடுபடுவர். வாட்ஸ்அப்பில் பரவும் செய்தியோ தேடற் கணக்கில் சேர்வதேயில்லை. தட்டம்மை-ரூபெல்லா ஊசி இயக்கம் 2017 பிப்ரவரியில் பெங்களூரில் தொடங்கப்பட்டது. அதே சமயம் தமிழ்நாட்டில் வாட்ஸ்அப் வதந்திகளால் பெற்றோர் பலர் தயங்கினர். அங்கு இயக்கம் மார்ச் மாதத்திற்கும் நீட்டிக்கப்பட்டது.

ஆகவே, தேடல் எண் உயர்ந்தால் அதனை முடிவாகக் கொள்ளாது, விசாரணைக்குரிய அறிகுறியாகவே கொள்ளல் வேண்டும். கள ஊழியர் பதிவேட்டில் விடுபட்ட இல்லங்களுக்குச் சென்று காரணத்தைக் கேட்டறிந்து குறித்தல் நலம். பெற்றோர் எழுப்பும் ஐயங்களை ஆசிரியர் உடனுக்குடன் அவர்களுக்குத் தெரிவிக்கலாம். விடுபட்ட குழந்தை ஒவ்வொன்றும் நோய்க்குத் திறந்த வாயிலாகும். அவ்வாயிலைக் காட்டுவதே மதிப்பீட்டின் பயன்.