முதலில் இலையைப் பார்

அன்புள்ள தங்கைக்கு,

நெல்லின் நோய் எதிர்ப்பு மரபணுக்களில் ஆய்வு செய்யப்போவதாக எழுதியிருந்தாய். மகிழ்ச்சி. சமிக்ஞைப் பாதைகளை வரையத் தொடங்குமுன் பசுமைக்குடிலுக்குப் போ. இலைக்கருகல் நோயை உண்டாக்கும் பாக்டீரியாவின் கரைசலில் கத்தரிக்கோலைத் தோய்த்து இலை நுனியை நறுக்கு. தாங்காத ரகத்தில் இரண்டு வாரத்துக்குள் வைக்கோல் நிறக் கருகல் விளிம்போரமாக அலையலையாக இறங்கும். எதிர்ப்புள்ளதில் நுனியோடு நின்றுவிடும். அந்த நீளத்தை அளக்க அலுத்துக்கொள்ளாதே. மூலக்கூறு பற்றி நாம் பேசுவதற்கெல்லாம் அதுதான் ஆதாரம்.

எக்ஸ்ஏ21 என்ற எதிர்ப்பு மரபணுவின் வரலாற்றைக் கட்டாயம் படி. ஆப்பிரிக்கக் காட்டு நெல்லிலிருந்து வந்த அந்த மரபணுவை 1995இல் பமேலா ரொனால்டு குழு பிரித்தெடுத்தது. அது உருவாக்கும் புரதம் செல்லின் மேற்பரப்பில் நின்று பாக்டீரியாவை அடையாளம் காணும் ஏற்பி. பாக்டீரியாவின் எதைக் கண்டு அது விழிக்கிறது என்பதற்கு 2009இல் ஒரு விடை வெளியிட்டார்கள். பிறகு ஆய்வகத்துக்குப் புதிதாக வந்தவர்கள் செய்து பார்த்தபோது அந்த முடிவு வரவில்லை. தோண்டிப் பார்த்தால், பாக்டீரியா வகைகள் சில பெயர் மாறிக் கிடந்தன. 2013இல் கட்டுரையைத் தாங்களே திரும்பப் பெற்றார்கள். 2015இல் ராக்ஸ்எக்ஸ் என்ற சிறு புரதமே அந்தத் தூண்டி என்று காட்டினார்கள். அந்த மரபணுவைவிட இந்த நேர்மை எனக்குப் பெரிதாகப் படுகிறது. உன் கைக்கு வரும் ஒவ்வொரு குப்பியையும், முன்பிருந்தவர் எவ்வளவு நம்பிக்கையானவராக இருந்தாலும், நீயே மறுபடி சோதித்துக்கொள்.

எதிர்ப்பு என்றாலே செடி போரிடுகிறது என்றும் எண்ணிவிடாதே. இந்தப் பாக்டீரியா தன் புரதம் ஒன்றைச் செல்லுக்குள் செலுத்தி, ஸ்வீட்11 என்ற நெல் மரபணுவை முடுக்கிவிடுகிறது. சர்க்கரை செல்லுக்கு வெளியே கசிய, அதைத் தின்று பெருகுகிறது. எக்ஸ்ஏ13 என்ற எதிர்ப்பு வடிவம் உள்ள நெல்லில் அந்த மரபணுவின் முன்பகுதி மாறியிருப்பதால் பாக்டீரியாவின் புரதம் ஒட்ட இடமில்லை. செடி விருந்தாளிக்கு இலை போடவில்லை, அவ்வளவுதான். இரண்டு பிரதிகளும் மாறியிருந்தால்தான் இதில் பலன் உண்டு. கலப்பினத்தின் முதல் தலைமுறையில் ஏமாந்துவிடாதே.

ஐதராபாத்தில் உருவாகி 2008இல் வெளியான மேம்படுத்திய சம்பா மசூரி நெல் ரகத்தில் எக்ஸ்ஏ21, எக்ஸ்ஏ13 இரண்டோடு எக்ஸ்ஏ5 என்ற இன்னொரு எதிர்ப்பு மரபணுவும் இருக்கிறது. மூன்றும் மூன்று விதமாக வேலை செய்வதால், ஒன்றை மீறிவரும் பாக்டீரியா இன்னொன்றில் மாட்டிக்கொள்ளும்.

முதல் சோதனையில், நோய் தாங்காத டிஎன்1 ரகத்தை மறக்காமல் பக்கத்தில் நடு. அது கருகவில்லையென்றால் மற்ற அளவுகளை எழுதாதே. கரைசலை மாற்றி மறுபடி நறுக்கு.

அன்புடன்,
அக்கா