பிளைவுட் கேம்பருக்கு எபோக்சி: தேய்ப்பது முதல் மூடுவது வரை முழுமையான வழிகாட்டி

காலையில் சுள்ளென்று வெயில், மாலையில் இடியோடு மழை, இரவெல்லாம் புழுக்கம். கிள்ளான் பள்ளத்தாக்கில் சொந்தமாகக் கேம்பர் கட்டுபவருக்கு முதல் எதிரி ஈரம். எபோக்சி பூசியதும் பளபளப்பைப் பார்த்து வேலை முடிந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். அதற்குப் பிறகு செய்யும் வேலைதான் வண்டியின் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

தேவையானவை

- 80, 120, 220 எண் உப்புத்தாள், சுற்றுத் தேய்ப்பு இயந்திரம்
- பாத்திரம் தேய்க்கும் பச்சை நார், வாளித் தண்ணீர், காகிதத் துண்டு
- நைட்ரைல் கையுறை, என்95 முகக்கவசம், பாதுகாப்புக் கண்ணாடி

பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடியில் இந்த வேலை வேண்டாம். தூசி அண்டை வீட்டுக்குப் போகும். கிள்ளானில் தரைவீடு உள்ள உறவினரிடம் கார் நிறுத்தும் போர்ச்சைக் கேட்டுப் பாருங்கள். கூரையும் காற்றோட்டமும் அவசியம்.

படி 1: இறுக விடுங்கள்

குறைந்தது 2, 3 நாள் பொறுங்கள். ஒரு மூலையில் தேய்த்துப் பாருங்கள். வெள்ளைப் பொடியாக உதிர்ந்தால் பதம் வந்துவிட்டது. உப்புத்தாளில் பிசினாக அப்பினால் இன்னும் காத்திருங்கள். சரியாக இறுகாத எபோக்சித் தூசி தோலிலும் மூச்சிலும் ஒவ்வாமையை உண்டாக்கும். ஒருமுறை வந்தால் வாழ்நாள் முழுதும் தொடரக்கூடும்.

படி 2: முதலில் கழுவுங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இதைத்தான். ஈரக்காற்றில் இறுகும் எபோக்சியின் மேல் மெழுகு போன்ற வழுவழுப்பான படலம் படியக்கூடும். எபோக்சியோடு கலக்கும் இறுகு திரவத்தில் (ஹார்ட்னர்) உள்ள அமீன் என்ற வேதிப்பொருள், காற்றிலுள்ள ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்வதால் வருவது அது. கழுவாமல் தேய்த்தால் உப்புத்தாள் அடைத்துக்கொள்ளும், படலம் பரவும், அதன் மேல் அடிக்கும் பெயின்ட் உரியும். நல்லவேளையாக, இது தண்ணீரிலேயே கரையும். பச்சை நாரால் தேய்த்துக் கழுவி, காய்வதற்குள் காகிதத் துண்டால் துடைத்தெடுங்கள்.

படி 3: தேய்ப்பு

80-இல் தொடங்கி மேடுபள்ளத்தைச் சமன்படுத்துங்கள், பிறகு 120. இயந்திரத்தை அழுத்தாதீர்கள். மங்கலான பரப்பில் அங்கங்கே பளபளக்கும் புள்ளிகள் தெரியும், அவை பள்ளங்கள். அவற்றைத் துரத்திக்கொண்டு போனால் சுற்றியுள்ள மரம் வெளியே வந்துவிடும். அடுத்த பூச்சில் நிரப்புங்கள். விளிம்புகளைக் கையால் மட்டும் தேய்க்கவும்.

படி 4: ஓரமும் துளையும்

தமிழ்நாட்டின் குமரி மாவட்டம் முட்டத்தில் 1980களில் மீனவர்களுக்குப் பிளைவுட்டில் படகு கட்டினார்கள். கடலில் படகானாலும் மழையில் கேம்பரானாலும் பிளைவுட்டில் தண்ணீர் எளிதாக நுழையும் வழிகள் வெட்டிய ஓரமும் துளையும்தான். விலையுயர்ந்த மரைன் பிளைவுட்டுக்கும் இது பொருந்தும். ஓரம் முதல் பூச்சைக் குடித்துவிடும். குடிப்பது நிற்கும்வரை 2, 3 முறை பூசுங்கள். ஒவ்வொரு திருகாணித் துளையையும் அளவைவிடப் பெரிதாகத் துளைத்து, எபோக்சியால் நிரப்பி, இறுகியபின் நடுவில் சரியான அளவில் மீண்டும் துளையிடுங்கள்.

படி 5: மூடும் பூச்சு

பிற்பகல் சூடு இறங்கும் நேரத்தில் பூசுங்கள். காலையில் பூசினால் மரத்துக்குள் இருக்கும் காற்று சூட்டில் விரிந்து குமிழாகக் கிளம்பும். மழை கொட்டும்போது வேண்டாம். நம் வெப்பத்துக்கு மெதுவாக இறுகும் வகையே ஏற்றது. கலவை விகிதத்தை மாற்றவே கூடாது. இறுகு திரவத்தைக் கூட்டினால் சீக்கிரம் காயாது, பலவீனம்தான் மிஞ்சும். கொஞ்சமாகக் கலந்து அகலமான தட்டில் ஊற்றுங்கள். குவளையில் விட்டால் சூடேறிக் கெட்டியாகிவிடும். முதல் பூச்சு விரலில் லேசாக ஒட்டும் பதத்திலேயே அடுத்ததைப் பூசினால் இடையில் தேய்க்க வேண்டியதில்லை.

படி 6: வெயிலிலிருந்து காப்பு

எபோக்சி தண்ணீரைத் தடுக்கும், வெயிலைத் தாங்காது. புற ஊதாக் கதிரில் மஞ்சளாகி, பொடிந்து உதிரும். மூடும் பூச்சு நன்றாக இறுகியபின் மறுபடி கழுவி, 220-ஆல் தேய்த்து, இரண்டு பாகப் பாலியூரிதேன் பெயின்ட் அடியுங்கள். வெளிர் நிறமே நல்லது. கருநிறம் சூடேறி எபோக்சியை இளக்கும்.

சாலையில் இறக்குமுன் சாலைப் போக்குவரத்துத் துறையின் (ஜேபிஜே) அனுமதியைப் பெறுங்கள். அதன்பின் ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்னும் ஓரங்களையும் துளைகளையும் விரலால் தடவிப் பாருங்கள். கீறல் தென்பட்டால் அன்றே மூடிவிடுங்கள்.