டெஸ்டோஸ்டிரோன் சிகிச்சையில் ஈஸ்ட்ரோஜன்: எதைக் குறைப்பது, எதை விட்டுவைப்பது

ஆணின் உடலில் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோனில் ஒரு சிறு பங்கு, அரோமடேஸ் என்னும் நொதியின் செயலால் நாள்தோறும் எஸ்ட்ரடையாலாக மாறுகிறது; ஈஸ்ட்ரோஜன் என்று பொதுப்பெயரில் வழங்கும் ஹார்மோன்களுள் வீரியம் மிக்கது இதுவே. ஒரு நாளில் விரைகள் உண்டாக்கும் டெஸ்டோஸ்டிரோன் ஏறத்தாழ 5 முதல் 7 மில்லிகிராம் என்றால், உருவாகும் எஸ்ட்ரடையால் 40 மைக்ரோகிராம் அளவே. அந்தச் சிறு அளவிலும் ஐந்தில் ஒரு பங்குதான் விரைகளிலிருந்து நேராக வருகிறது. மீதி கொழுப்புத் திசு, தசை, தோல், எலும்பு, மூளை ஆகிய இடங்களில் நிகழும் மாற்றத்தால் பிறக்கிறது. எனவே குறைபாட்டுக்காக ஊசியாகவோ ஜெல்லாகவோ டெஸ்டோஸ்டிரோன் தரப்படும்போது எஸ்ட்ரடையாலும் உடன் உயர்வது இயல்பு. அந்த உயர்வை எப்போது பொருட்படுத்த வேண்டும், பொருட்படுத்தினால் எந்த வழியில் குறைக்க வேண்டும் என்பவையே இங்கு ஆராயப்படுகின்றன.

பெங்களூரின் வடமேற்கில், 1970களில் உருவாகி இன்று ஆயிரக்கணக்கான சிறுதொழிற்கூடங்களைக் கொண்டிருக்கும் பீன்யா தொழிற்பேட்டையில் இக்கேள்வி இரு வேறு வாசல்கள் வழியே வருகிறது. ஒன்று, கடைசல் பட்டறையிலும் சி.என்.சி. இயந்திரத்திலும் சுழல்முறை ஷிஃப்டில் பணிபுரிந்து, நாற்பதைக் கடந்து, தொந்தியும் சர்க்கரை நோயும் சேர்ந்தபின் சோர்வுக்காகப் பரிசோதனை செய்துகொள்ளும் தொழிலாளியின் வாசல். மற்றது, உடற்பயிற்சிக் கூடத்தில் யாரோ சொன்னதைக் கேட்டு ஊசி போட்டுக்கொண்டு, பிறகு மார்புக் காம்பு வலிக்கிறது என்று மருந்துக் கடைக்கு வரும் இளைஞனின் வாசல். இருவர் கையிலும் பெரும்பாலும் ஒரே மாதிரியான லேப் அறிக்கை இருக்கும்: எஸ்ட்ரடையால் 48, எதிரே இயல்பு வரம்பு 10 முதல் 40, அளவு கூடுதல் என்பதற்கு அடையாளமாகத் தடித்த எழுத்தில் ஒரு 'ஹெச்'. அந்த ஒற்றை எழுத்தைக் கண்டே அனஸ்ட்ரசோல் மாத்திரை தொடங்கிவிடும் வழக்கம்தான் இத்துறையில் மிகுதியான தீங்கைச் செய்கிறது என்று கூறலாம்.

ஈஸ்ட்ரோஜனை ஆணுக்குப் பகையாகக் கருதும் எண்ணம் மருத்துவச் சான்றுகளின் முன் நிற்பதில்லை. 1994இல் அமெரிக்காவில் விவரிக்கப்பட்ட 28 வயது ஆண் ஒருவருக்கு ஈஸ்ட்ரோஜனை ஏற்கும் ஏற்பி மரபணுக் கோளாறால் செயலிழந்திருந்தது. அவருடைய டெஸ்டோஸ்டிரோன் இயல்பான அளவில் இருந்தபோதும், எலும்பு முனைகள் மூடாமல் உயரம் 204 சென்டிமீட்டர் வரை வளர்ந்திருந்தது, எலும்பு அடர்த்தியோ மிகவும் தாழ்ந்திருந்தது. ஆணின் எலும்பைக் காப்பதில் ஈஸ்ட்ரோஜனுக்கு உள்ள பங்கு அப்போதுதான் ஐயமற விளங்கியது. 2013இல் ஃபிங்கல்ஸ்டைன் குழுவினர் வெளியிட்ட ஆய்வு இதை மேலும் பிரித்துக் காட்டியது. 20 முதல் 50 வயதுள்ள ஏறத்தாழ 400 ஆண்களின் சொந்தச் சுரப்பை அடக்கி, வெவ்வேறு அளவில் டெஸ்டோஸ்டிரோன் ஜெல் கொடுத்து, ஒரு பிரிவினருக்கு மட்டும் அனஸ்ட்ரசோல் சேர்த்து 16 வாரம் கவனித்ததில், தசை அளவும் வலுவும் டெஸ்டோஸ்டிரோனைச் சார்ந்திருந்தன. கொழுப்புச் சேர்வது ஈஸ்ட்ரோஜன் குறைவால் நேர்ந்தது. பாலுணர்வுக்கு இரண்டுமே தேவைப்பட்டன. தொந்தி குறையவும் வேட்கை கூடவும் வேண்டும் என்று ஈஸ்ட்ரோஜனை அடக்குகிறவர், கேட்டதற்கு நேர்மாறானதையே பெறக்கூடும்.

சிகிச்சையே தேவைதானா என்பது இங்கு முதலில் எழ வேண்டிய வினா. காலை வேளையில், வெறும் வயிற்றில், இரு வேறு நாள்களில் எடுத்த இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் தெளிவாகக் குறைந்திருப்பதும், அதற்குரிய அறிகுறிகள் இருப்பதும் சேர்ந்தால்தான் குறைபாடு உறுதியாகும் என்பது அமெரிக்க எண்டோக்ரைன் சங்கம் 2018இல் வெளியிட்ட நெறிமுறை. டெஸ்டோஸ்டிரோன் தூக்கத்தோடு இணைந்து உயர்வதால், இரவு ஷிஃப்ட் முடித்து, கண் எரிச்சலோடு காலை எட்டு மணிக்கு லேபுக்குப் போகிறவரின் அளவு உள்ளதைவிடத் தாழ்ந்து காட்டக்கூடும். பகல் ஷிஃப்ட் வாரத்தில், நல்ல உறக்கத்துக்குப் பின் பரிசோதிப்பதே முறை. பருமனான உடலில், டெஸ்டோஸ்டிரோனைச் சுமந்து செல்லும் புரதம் குறைவதால் மொத்த அளவு தாழ்ந்தும், செயலாற்றும் தனி அளவு போதுமானதாகவும் இருப்பதுண்டு. கொழுப்பு மிகுந்தவருக்கு ஈஸ்ட்ரோஜன் கூடியதால்தான் டெஸ்டோஸ்டிரோன் குறைந்தது என்று பரவலாகச் சொல்லப்படும் விளக்கமும் எல்லாருக்கும் பொருந்துவதில்லை. இரண்டாம் வகைச் சர்க்கரை நோயும் டெஸ்டோஸ்டிரோன் குறைவும் உள்ள ஆண்களிடம் எஸ்ட்ரடையாலும் தாழ்ந்தே இருந்ததை 2011இல் வெளியான ஆய்வு காட்டியிருக்கிறது.

அடுத்தது அளவிடும் முறை. சாதாரண லேப்களில் பயன்படும் நோயெதிர்ப்புமுறைச் சோதனை, பெண்களிடம் காணப்படும் உயர்ந்த அளவுகளை மனத்தில் வைத்து உருவானது. ஆண்களின் தாழ்ந்த அளவில் அது பிழைபட இடமுண்டு. நிறை நிறமாலைமானி கொண்டு அளக்கும் முறை இதைவிட நம்பகமானது. மாதிரியைப் பெரிய மைய லேபுக்கு அனுப்ப வேண்டியிருப்பதால் முடிவு வரச் சில நாள்கள் ஆகலாம், செலவும் கூடும். தலைமுடிக்காக பயோட்டின் மாத்திரை எடுப்பவர் அதைச் சில நாள் முன்பே நிறுத்தாவிடில் சில வகைச் சோதனைகளின் முடிவு மாறிவிடும். ஓர் அறிக்கை பிகோகிராமிலும் இன்னொன்று பிகோமோலிலும் தரப்பட்டால், முதல் எண்ணை 3.67ஆல் பெருக்கிய பின்னரே இரண்டையும் ஒப்பிட வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், ஊசி போட்ட எத்தனையாவது நாள் இரத்தம் எடுக்கப்பட்டது என்பது. ஊசிக்கு இரண்டாம் நாளில் காணும் 60க்கும், அடுத்த ஊசிக்கு முந்தைய நாளில் காணும் 25க்கும் இடையே நோய் எதுவும் இல்லை. இருப்பது நாள்கணக்கு மட்டுமே.

அறிகுறி ஏதுமின்றி அளவு மட்டும் சற்றுக் கூடியிருந்தால் ஒன்றும் செய்யாதிருப்பது முதல் தெரிவு. அதுவே பெரும்பாலோருக்குச் சரியான தெரிவுமாகும். வழக்கமான கண்காணிப்பில் எஸ்ட்ரடையால் சோதனையை எண்டோக்ரைன் சங்கத்தின் நெறிமுறை கேட்பதில்லை. மார்பில் வலியோ வீக்கமோ இருந்தால் அளந்து பார்க்கும்படி அமெரிக்கச் சிறுநீரகவியல் சங்கம் கூறுகிறது. உண்மையான அறிகுறி என்று கொள்ளத்தக்கது காம்புக்கு அடியில் தட்டுப்படும் கெட்டியான, தொட்டால் வலிக்கும் சுரப்பித் திசு. கைனகோமாஸ்டியா எனப்படுவது இதுதான். மென்மையான கொழுப்பு மட்டும் தொங்குவது அந்த வகையில் சேராது. மனச்சோர்வு, கால் வீக்கம், எரிச்சல் முதலானவற்றை எல்லாம் ஈஸ்ட்ரோஜன் கணக்கில் எழுதுவது எளிது, ஆனால் அவற்றுக்கு வேறு காரணங்களே மிகுதி.

அறிகுறி இருந்தால், மாத்திரைக்கு முன் கை வைக்க வேண்டிய இடம் டெஸ்டோஸ்டிரோனின் அளவும் இடைவெளியும்தான். இந்தியாவில் எளிதில் கிடைப்பது எனந்தேட் என்னும் எண்ணெய் ஊசி. 250 மில்லிகிராம் ஆம்பூலில் தூய டெஸ்டோஸ்டிரோன் ஏறத்தாழ 180 மில்லிகிராம். அதை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போட்டால் நாளொன்றுக்குச் சராசரி 13 மில்லிகிராம் ஆகிறது. உடல் தானே உண்டாக்குவதைப் போல் இரு மடங்கு. சராசரி இப்படி என்றால், முதல் மூன்று நாள்களின் உச்சம் இன்னும் மேலே இருக்கும். அந்த உச்சத்தில்தான் அரோமடேஸுக்கு இரை மிகுதி. இதே மருந்தை வாரம் 75 மில்லிகிராமாகக் குறைத்துப் போட்டால் நாள் சராசரி எட்டுக்குக் கீழ் வருகிறது, உச்சமும் தணிகிறது, இரண்டாம் வாரத்தின் கடைசியில் வரும் சோர்வும் குறைகிறது. நான்கு வகை எஸ்டர்கள் கலந்த சஸ்டனான் 250க்கும் இதே தர்க்கம் பொருந்தும். அதில் நிலக்கடலை எண்ணெய் இருப்பதால் கடலை ஒவ்வாதவர் தவிர்க்க வேண்டும். நடைமுறைச் சிக்கல் ஒன்று உண்டு: உடைத்த கண்ணாடி ஆம்பூலில் மிஞ்சியதை அடுத்த வாரத்துக்கு எடுத்துவைக்கக் கூடாது. ஆகையால் சிறிய அளவில் வரும் ஊசி கிடைக்கிறதா என்று மருந்துக் கடையில் விசாரிப்பது, பாதியை வீணாக்குவதற்கும் பாதியைச் சேமித்துக் கிருமி ஏற்றிக்கொள்வதற்கும் இடைப்பட்ட வழி.

ஒரு சதவீத ஜெல்லின் 5 கிராம் பாக்கெட்டில் 50 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் இருந்தாலும் தோல் வழியே உள்ளே செல்வது பத்தில் ஒரு பங்கு, அதாவது நாளொன்றுக்கு 5 மில்லிகிராம். இது இயற்கைச் சுரப்பை ஒட்டிய அளவு. எனவே எஸ்ட்ரடையாலும் ஏறி இறங்காமல் சீராக இருக்கும். எதிர்ப்பக்கத்தில் மாதச் செலவு ஊசியைவிடப் பல மடங்கு. உலைக்கருகே வேர்த்து வழியும் வேலையில் இருப்பவருக்கு ஜெல் பூசும் நேரத்தைத் தேர்வதே பாடு. ஓரறை வாடகை வீட்டில் குழந்தையைத் தோளில் தூக்கும் தந்தையின் தோலிலிருந்து அது குழந்தைக்கும் மனைவிக்கும் ஒட்டக்கூடும். குழந்தைக்குக் காலத்துக்கு முந்திய பருவ அறிகுறிகள் தோன்றிய நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. பூசிய இடத்தைத் துணியால் மூடுவதும் கையைச் சோப்பிட்டுக் கழுவுவதும் இதனால் கட்டாயம். அண்டெகனோயேட் 1000 மில்லிகிராம் ஊசி 10 முதல் 14 வாரத்துக்கு ஒருமுறை என்பதால் விடுப்பு எடுக்கும் நாள்கள் குறையும், அளவும் ஓரளவு சீராக இருக்கும். ஆனால் பக்கவிளைவு தோன்றினால் உடலில் சேர்ந்த மருந்தைத் திரும்ப எடுக்க வழியில்லை. சிகிச்சையைப் புதிதாகத் தொடங்குகிறவருக்கு வாராந்திரச் சிறு ஊசியோ ஜெல்லோ ஏற்றதாகவும், அளவு நிலைபெற்றவருக்கு நீண்டகால ஊசி ஏற்றதாகவும் கொள்ளலாம்.

எடையைப் பற்றிக் கூற வேண்டியது சுருக்கமே: கொழுப்புத் திசு குறைந்தால் அரோமடேஸ் குறையும், உடலின் சொந்த டெஸ்டோஸ்டிரோனும் ஓரளவு மீளும். மிகுதியான மது கல்லீரலையும் விரைகளையும் ஒருசேரக் கெடுப்பதால் ஈஸ்ட்ரோஜன் சமநிலை இருபுறமிருந்தும் குலைகிறது. ஈஸ்ட்ரோஜன் பிளாக்கர் என்ற பெயரில் ஜிம்களில் விற்கும் தூள்களுக்கும் வில்லைகளுக்கும் பணம் கொடுப்பதற்கு நல்ல சான்று எதுவும் இல்லை.

இவற்றுக்குப் பின்னும் மார்பு வலி தொடர்ந்தால்தான் மாத்திரைகளின் ஒப்பீடு பொருளுடையதாகிறது. அனஸ்ட்ரசோல், லெட்ரசோல், எக்ஸிமெஸ்டேன் ஆகிய மூன்றும் அரோமடேஸைத் தடுப்பவை. மாதவிடாய் நின்ற பெண்களின் மார்பகப் புற்றுநோய்க்கென வந்தவை. ஆண்களின் டெஸ்டோஸ்டிரோன் சிகிச்சைக்கென அனுமதி பெற்றவை அல்ல. லெட்ரசோல் வீரியம் மிக்கது, ஆகவே எஸ்ட்ரடையாலை அடிமட்டத்துக்கே தள்ளிவிடும் ஆபத்தும் கூடுதல்; எக்ஸிமெஸ்டேன் ஸ்டீராய்டு அமைப்புடையதால் சாதாரண எஸ்ட்ரடையால் சோதனையையே குழப்பும். அறுபதைக் கடந்து, டெஸ்டோஸ்டிரோன் சற்றுத் தாழ்ந்த 69 ஆண்களிடம் ஓராண்டு நடத்தி 2009இல் வெளியான ஆய்வில், நாளொன்றுக்கு 1 மில்லிகிராம் அனஸ்ட்ரசோல் டெஸ்டோஸ்டிரோனை உயர்த்தியது. முதுகெலும்பின் அடர்த்தியையோ குறைத்தது. டெஸ்டோஸ்டிரோன் எலும்பைத் தானே காத்துவிடும் என்ற நம்பிக்கையும் தளர்ந்திருக்கிறது: 5,204 ஆண்களைக் கொண்ட டிராவர்ஸ் ஆய்வின் 2024 அறிக்கையில் எலும்பு முறிவு டெஸ்டோஸ்டிரோன் பெற்றவருள் 3.50 சதவீதம், போலி மருந்து பெற்றவருள் 2.46 சதவீதம். இப்படிப்பட்ட நிலையில் எலும்புக்கு உள்ள மற்றொரு காவலையும் மாத்திரையால் நீக்குவதற்கு வலுவான காரணம் வேண்டும். மூட்டு வலி, உடல் திடீரெனக் காந்துவது, வேட்கை வற்றுவது ஆகியவை ஈஸ்ட்ரோஜன் மிகவும் தாழ்ந்ததன் குறிகள். அவற்றை ஈஸ்ட்ரோஜன் கூடியதன் குறிகளாகப் பிழைபடக் கொண்டு மாத்திரையை இரட்டிப்பவர்களும் உண்டு.

டமாக்ஸிஃபென் வேறு வழியில் செயல்படுகிறது. அது எஸ்ட்ரடையாலைக் குறைக்காமல், மார்புத் திசுவில் உள்ள ஏற்பியை அடைக்கிறது. எலும்பில் ஈஸ்ட்ரோஜன் போலவே நடந்துகொள்கிறது. புதிதாகத் தோன்றிய, வலியுள்ள மார்பு வீக்கத்துக்கு, நாளொன்றுக்கு 10 முதல் 20 மில்லிகிராம் வீதம் சில மாதம் மட்டும், மருத்துவர் மேற்பார்வையில் தருவது அரோமடேஸ் தடுப்பானைவிடப் பொருத்தமான தெரிவாகத் தோன்றுகிறது. ஆனால் அதற்கு இரத்தக் கட்டி உண்டாக்கும் இயல்பு உண்டு. டெஸ்டோஸ்டிரோனே சிவப்பணுக்களைக் கூட்டி இரத்தத்தைத் தடிப்பாக்குவதால், முன்பு கால் சிரையில் இரத்தக் கட்டி வந்தவருக்கு இது கூடாது. வீக்கம் ஓராண்டைக் கடந்து நார்த்திசுவாக இறுகிவிட்டால் எந்த மாத்திரையும் கரைக்காது, அறுவை சிகிச்சை ஒன்றே வழி. ஒரே பக்கத்தில் கல் போன்ற கட்டியோ, காம்பில் இரத்தக் கசிவோ இருந்தால் ஈஸ்ட்ரோஜன் பேச்சை ஒதுக்கிவைத்து முதலில் புற்றுநோய்க்கான சோதனை செய்ய வேண்டும்.

குழந்தை வேண்டும் என்று எண்ணும் ஆணுக்குக் கணக்கே வேறு. வெளியிலிருந்து வரும் டெஸ்டோஸ்டிரோன் விந்தணு உற்பத்தியை அடக்கிவிடும் என்பதை ஊசியைத் தொடங்குமுன் சொல்லாமல் விடுவது பெருங்குறை. அவருக்கு குளோமிஃபீன் அல்லது எச்.சி.ஜி. ஊசி மாற்று வழிகள், எச்.சி.ஜி. விரைகளுக்குள்ளேயே அரோமடேஸைத் தூண்டுவதால் எஸ்ட்ரடையால் கூடுதலாக உயரக்கூடும், மருத்துவர் அனஸ்ட்ரசோலை எண்ணிப் பார்க்கும் இடங்களுள் அதுவும் ஒன்று.

பீன்யாவில் மாதம் 21,000 ரூபாய்க்கு உட்பட்ட ஊதியம் பெறும் தொழிலாளிக்கு ஈ.எஸ்.ஐ. டிஸ்பென்சரியிலிருந்து பரிந்துரைக் கடிதம் பெற்று, பச்சை வழி மெட்ரோவில் நேரே சென்றடையக்கூடிய ராஜாஜிநகர் ஈ.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்லும் வழி இருக்கிறது. மருந்துச் சீட்டின்றி ஊசியையும் மாத்திரையையும் ஒன்றாக வாங்குவதைவிட அது மெதுவான வழிதான், ஆனால் எலும்பு அடர்த்தியையும் புராஸ்டேட்டையும் பார்க்கும் மருத்துவர் அங்கேதான் இருப்பார். மாநில, தேசியப் போட்டிகளில் கலந்துகொள்ளும் பளுதூக்குநருக்கு இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும்: டெஸ்டோஸ்டிரோன் மட்டுமன்றி அனஸ்ட்ரசோலும் டமாக்ஸிஃபெனும் ஊக்கமருந்துத் தடைப்பட்டியலில் உள்ளவை.

சிகிச்சை தொடங்கிய 3 முதல் 6 மாதத்துக்குள்ளும், பின்னர் ஆண்டுக்கொரு முறையும் தவறாது பார்க்க வேண்டியது எஸ்ட்ரடையாலைவிட ஹீமட்டோகிரிட், அதாவது இரத்தத்தில் சிவப்பணுக்கள் வகிக்கும் விகிதம். அது 54 சதவீதத்தைத் தாண்டினால் டெஸ்டோஸ்டிரோனை நிறுத்தி, விகிதம் தணிந்த பிறகு குறைந்த அளவில் மீண்டும் தொடங்குவதே நெறிமுறை. அளவு குறையும்போது எஸ்ட்ரடையாலும் அதனுடன் இறங்கிவிடுவதால் அதற்கெனத் தனி மாத்திரை தேவைப்படுவதில்லை.