இடுப்பு ஒரு பக்கம் வலிக்குதா? முதலில் சைக்கிளைப் பாருங்கள்!



1991-92இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் தந்த ஊக்கத்தால் ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். யாரையும் எதிர்பார்க்காமல் வெளியே போய்வர அது உதவியது. நம்ம ஆரணிப் பக்கத்திலோ, "ஒரு பக்க இடுப்பு வலிக்குது, என் உடம்புக்கு சைக்கிள் ஒத்துக்கல" என்று சிலர் சைக்கிளை ஓரமாக நிறுத்திவிடுகிறார்கள். உடம்பைக் குறை சொல்லும் முன் இந்த நான்கையும் வரிசையாகச் சோதிப்போம்.

1. சைக்கிள் கோணலா?
பின்னால் நின்று பாருங்கள். சீட்டின் மூக்கு நேராக முன்னால் பார்க்கணும். ஹேண்டில் பார் ஒரு பக்கம் திரும்பியிருக்கக் கூடாது. சீட்டை இரண்டு பக்கமும் அமுக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் இறங்கினால் ஸ்பிரிங் போயிருக்கும். பெடலைக் கையால் சுற்றுங்கள். கோணலாகச் சுற்றினால் வளைந்திருக்கும், கடையில் மாற்றிவிடுங்கள்.

2. சீட் உயரம் சரியா?
சுவரைப் பிடித்தபடி சீட்டில் உட்கார்ந்து, கீழே இருக்கும் பெடலில் குதிகாலை வையுங்கள். கால் நீளணும், ஆனால் இடுப்பு சாயக்கூடாது. சாய்ந்தால் சீட்டை இறக்குங்கள். முழங்கால் நன்றாக மடங்கியே இருந்தால் ஏற்றுங்கள். தாழ்ந்த சீட்டால் முழங்காலின் முன்பக்கம் வலிக்கும். சீட் கம்பி மூன்று அங்குலமாவது குழாய்க்குள் இருக்கணும்.

3. பாரம் எந்தப் பக்கம்?
பையை எப்போதும் ஒரே பக்க ஹேண்டிலில் மாட்டினால் உடம்பு மறுபக்கம் சாயும். கேரியரின் நடுவில் வைத்துக் கட்டுங்கள்.

4. சைக்கிளை மாற்றிப் பாருங்கள்
இன்னொரு உறுப்பினரின் சைக்கிளில் சீட் உயரத்தைச் சரிசெய்து சில நாள் ஓட்டுங்கள். வலி குறைந்தால் குறை உங்கள் சைக்கிளில். அதே பக்கம் வலித்தால் பழைய அடியோ, ஒரு கால் சற்றுக் குட்டையாக இருப்பதோ காரணமாகலாம். கால் மரத்துப்போனாலோ, வலி காலுக்கு இறங்கினாலோ, ஓய்வெடுத்தும் குறையாவிட்டாலோ ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். அப்போதுதான் எதனால் வலி குறைந்தது என்று தெரியும்.

அடுத்த கூட்டத்துக்கு சைக்கிளோடு வாங்க! ஒருத்தர் ஓட்ட, ஒருத்தர் பின்னால் நின்று இடுப்பு சாயுதா என்று பார்க்கட்டும். கையில் ஒரு ஸ்பேனர் இருந்தால் பாதி வேலையை நாமே முடித்துவிடலாம்.