ஒரகடத்து வெயிலுக்கு ஒரு முழக்கோல்



ஷிஃப்ட் இல்லாத ஞாயிறுகளில் ஒரகடத்து மொட்டைமாடியில் சயனோடைப் முறையில் நீலப் படங்கள் போடுவதாக எழுதியிருந்தாய். அதே வெயில், அதே பத்து நிமிடம். ஒரு படம் அடர்நீலம், அடுத்தது வெளிறல். கரைசலைக் குறை சொல்லாதே. படத்தின் மேல் வைத்த கண்ணாடி எது என்று முதலில் பார்.

1842-இல் ஜான் ஹெர்ஷல் கண்டறிந்த சயனோடைப் முறைதான் பின்னாளில் தொழிற்சாலைகளின் ‘ப்ளூ பிரிண்ட்’ ஆனது. இதிலுள்ள இரும்பு உப்பு, 365 நானோமீட்டரை ஒட்டிய புற ஊதாவுக்குத்தான் சட்டென்று மசியும். ஒளி அளக்கும் லக்ஸ் மீட்டரோ மனிதக் கண்ணுக்கு ஏற்பச் செய்தது. அதைப் பார்த்து நேரம் வைப்பது முழக்கோலால் பால் அளப்பது போல.

ஸ்ரீபெரும்புதூரில் 2000-ஆம் ஆண்டு முதல் செயிண்ட்-கோபெயின் ஃப்ளோட் கண்ணாடி தயாரிக்கிறது. அந்த வகைச் சாதாரண ஜன்னல் கண்ணாடி 365-ஐப் பெருமளவு உள்ளே விடும். கார் விண்ட்ஷீல்டில் இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே பி.வி.பி. பிளாஸ்டிக் தாள் உண்டு. 380-க்குக் கீழே உள்ளதை அது ஏறக்குறைய முழுக்கத் தடுத்துவிடும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெளிவாகத்தான் இருக்கும்.

படிப்படியாக அடர்த்தி கூடும் 21 படி ஸ்டெப் டேப்லட் ஒன்று வாங்கு. ஒரே தாளில் வெட்டிய மூன்று பட்டைகள்: ஒன்று திறந்த வெயிலில், ஒன்று ஜன்னல் கண்ணாடிக்கு அடியில், ஒன்று விண்ட்ஷீல்டுத் துண்டுக்கு அடியில். டேப்லட்டை ஒவ்வொன்றின் மேலும் வைத்து, மூன்றுக்கும் ஒரே அளவு நேரம். மஞ்சள்பச்சை நீர் நிற்கும்வரை அலசு. நீலம் காற்றுப்பட்டு ஆழமாகும் என்பதால் மறுநாள் படிகளை எண்ணு. திறந்த வெயில் பட்டையைவிட இரண்டு படி குறைந்தால் பாதி ஒளி போயிற்று, ஆறு குறைந்தால் எட்டில் ஒரு பங்குதான் வந்தது. ‘யூ.வி.’ விளக்குகளையும் இப்படியே சோதி. 395-இல் எரிபவையும் அந்தப் பெயரில்தான் விற்கின்றன.

இவ்வளவு சோதனை எதற்கு என்கிறாயா? 1858-இல் ஒளிப்படக்காரர் லின்னேயஸ் டிரைப் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளை 21 நெகட்டிவ்களில் எடுத்து, சுமார் 19 அடி நீளப் படமாக ஒட்டினார். அந்தக் கால வெள்ளிப் படங்கள் வெயிலிலேயே கண்முன் கறுக்கும். அச்சுச் சட்டத்தின் பின்பக்கத்தைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம். சயனோடைப்பில் கழுவிய பிறகுதான் உண்மை தெரியும். அதனால்தான் இந்தப் பட்டைகள்.

கம் பைக்ரோமேட் என்ற அச்சு முறையையும் தொடப்போகிறாயாம். பயமாக இருக்கிறது. அதிலுள்ள குரோமியம் புற்றுநோய் தருவது. ராணிப்பேட்டையில் மூடிக் கிடக்கும் ஆலையின் குரோமியக் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்ததை மறக்காதே. உனக்குப் பக்கத்தில்தான் செம்பரம்பாக்கம் ஏரி, சென்னை குடிக்கும் தண்ணீர். கழுவிய நீரைச் சாக்கடையில் ஊற்றுவதாக இருந்தால் அந்த முறையே வேண்டாம்.

அடுத்த கடிதத்தில் படம் வேண்டாம், அந்த மூன்று பட்டைகளை அனுப்பு. பின்னால் தேதி, மணி, கண்ணாடியின் பெயர் எல்லாம் பென்சிலில் இருக்கட்டும்.