ட்ரூரி லேனில் ஒரு மாலைப் பொழுது

ஷேக்ஸ்பியரின் நாடகங்களை நாம் வகுப்பறையில் அருஞ்சொற்பொருள் எழுதியும் மனப்பாடம் செய்தும் படிக்கிறோம். அவை மேடையில் பேசுவதற்கென்று எழுதப்பட்டவை என்பது பல வேளைகளில் நமக்கு மறந்தே போகிறது. அவற்றை மக்கள் எப்படிப் பார்த்தார்கள், எங்கே உட்கார்ந்தார்கள், பிடிக்காவிட்டால் என்ன செய்தார்கள் என்று அறிந்துகொண்டால் பாடமும் சற்று உயிர் பெறும் அல்லவா?

இங்கிலாந்தில் முதலாம் ஜார்ஜ் மன்னர் அரியணை ஏறிய 1714 முதல், நான்காம் ஜார்ஜ் மறைந்த 1830 வரையுள்ள காலத்தை ஜார்ஜியர் காலம் என்பர். அக்காலத்தில் ஒரே ஒரு மாலையை மட்டும் நாம் எடுத்துக்கொள்வோம். 1782ஆம் ஆண்டு அக்டோபர் 10, வியாழக்கிழமை. இடம், லண்டன் மாநகரின் ட்ரூரி லேன் நாடக அரங்கம்.

அன்று லண்டனில் விரும்பியவரெல்லாம் நாடகம் நடத்திவிட முடியாது. வசன நாடகம் நடத்தும் அரச உரிமை ட்ரூரி லேன், கோவென்ட் கார்டன் ஆகிய இரண்டு அரங்குகளுக்கே இருந்தது. கோடை மாதங்களில் மட்டும் ஹேமார்க்கெட் என்னும் மூன்றாவது அரங்கம் நடக்கும். புதிய நாடகம் எதுவானாலும் அதன் பிரதியை லார்ட் சேம்பர்லின் என்னும் அரண்மனை அதிகாரிக்கு முன்னதாகவே அனுப்பி அனுமதி பெறவேண்டும் என்று 1737ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. இந்தத் தணிக்கை முறை 1968 வரை நீடித்தது என்றால் வியப்பாக இருக்கிறது.

மாலை ஐந்து மணியைத் தாண்டியதும் கதவு திறக்கும். வரிசையில் நிற்கும் வழக்கம் அப்போது இல்லை. முண்டியடித்துக்கொண்டு உள்ளே பாய வேண்டியதுதான். இது விளையாட்டான செய்தி அன்று. 1794ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள் ஹேமார்க்கெட் அரங்குக்கு மன்னர் வருகிறார் என்று கூடிய கூட்டத்தில், வாயிற்படியில் மிதிபட்டுப் பதினைந்து பேருக்குக் குறையாமல் இறந்தார்கள்.

உள்ளே நுழைந்தால் சமுதாயம் முழுவதும் அடுக்கடுக்காக அமர்ந்திருப்பதைக் காணலாம். மேடைக்கு எதிரே தாழ்ந்த தரைப் பகுதிக்கு ‘பிட்’ என்று பெயர். அங்கே சாய்மானம் இல்லாத நீண்ட பலகைகள் கிடந்தன. கட்டணம் மூன்று ஷில்லிங். வழக்கறிஞர்களும், சட்ட மாணவர்களும், நாடகத்தைப் பற்றிப் பத்திரிகையில் எழுதுவோரும் அங்கேதான் அமர்வார்கள். சுற்றிலும் உள்ள ‘பாக்ஸ்’ என்னும் தடுப்பறைகள் ஐந்து ஷில்லிங். பிரபுக்களும் சீமாட்டிகளும் அங்கே வீற்றிருப்பர். அவர்கள் நேரம் கழித்துத்தான் வருவார்கள்; அதுவரை இடத்தைக் காத்துக்கொண்டு அவர்களுடைய வேலையாட்கள் அமர்ந்திருப்பார்கள். முதல் மாடம் இரண்டு ஷில்லிங், கூரையை ஒட்டிய மேல்மாடம் ஒரு ஷில்லிங். தொழில் பழகும் பையன்களும் மாலுமிகளும் வீட்டு வேலைக்காரர்களும் ஏறுமிடம் அதுவே. நாமும் ஒரு ஷில்லிங் கொடுத்து அங்கேயே ஏறிக்கொள்வோம்.

மேலேயிருந்து பார்த்தால் முதலில் நம் கண்ணில் படுவது வெளிச்சம். இன்று நாடகம் தொடங்கியதும் அரங்கத்தை இருட்டாக்கி மேடையில் மட்டும் ஒளி பாய்ச்சுகிறார்கள். அன்று அப்படியில்லை. சரவிளக்குகளில் மெழுகுவர்த்திகள் நாடகம் முடியும்வரை எரிந்துகொண்டே இருந்தன. மேடையின் விளிம்பில் ஒரு வரிசை விளக்கு. பக்கத் தட்டிகளின் பின்னால் இன்னும் பல. உருகிய மெழுகு கீழே இருப்போர் ஆடையில் சொட்டுவதும் உண்டு. 1817இல் எரிவாயு விளக்கு ட்ரூரி லேனுக்கு வந்த பிறகும் மக்கள் வெளிச்சத்திலேயே உட்கார்ந்து பார்த்தார்கள்.

இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை தாமே விளங்கும். ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் ஒருவரையொருவர் பார்த்தபடி இருக்கிறார்கள். நடிப்போரின் கண்ணுக்கு அத்தனை முகங்களும் தெரிகின்றன. யார் கொட்டாவி விட்டார், யார் எழுந்து போனார் என்பதும் தெரிகிறது. இருட்டு இல்லாததால் அடக்கமும் இல்லை. ஆரஞ்சுப்பழம் விற்கும் பெண்கள் பலகைகளுக்கிடையே நடமாடினர். உரித்த தோல் மேல்மாடத்திலிருந்து மேடைக்குப் பறந்தது. பூனை கத்துவது போன்ற ஒலியெழுப்பும் ஊதல்களைச் சிலர் பையிலேயே கொண்டுவந்தனர். மக்கள் மேடைமீது ஏறிவிடாதபடி அதன் முன்புறத்தில் கூரிய இரும்பு முட்கள் பதித்திருந்தார்கள் என்றால், நிலைமையை நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

ஒரு மாலைக்கு ஒரு நாடகம் என்பதும் இல்லை. முதலில் வாத்திய இசை. பின் முன்னுரைக் கவிதை. பிறகு ஐந்து அங்கங்கள் கொண்ட பெரிய நாடகம், அங்கங்களுக்கு இடையே பாட்டும் நடனமும். அது முடிந்ததும் ஒரு கேலி நாடகமோ, ஊமைக்கூத்தோ உண்டு. மூன்றாம் அங்கம் முடிந்தபின் வருவோருக்குப் பாதிக் கட்டணம் என்பது வழக்கம். புகழ்பெற்ற நடிகரும் அரங்கின் நிர்வாகியுமான டேவிட் கேரிக், 1763 ஜனவரியில் இச்சலுகையை நிறுத்தப் பார்த்தார். மக்கள் பலகைகளைப் பெயர்த்தனர், சரவிளக்குகளை உடைத்தனர். மறுநாளே அவர் பணிய வேண்டியதாயிற்று.

இத்தகைய கூட்டத்தின் முன்தான் அன்று மாலை 27 வயதுப் பெண் ஒருத்தி நிற்கவேண்டும். அவர் பெயர் சாரா சிடன்ஸ். 1755இல் வேல்ஸ் நாட்டில் பிரெக்கன் என்னும் ஊரில், ஒரு விடுதியில் பிறந்தவர். தந்தை ரோஜர் கெம்பிள், ஊர் ஊராகச் செல்லும் நாடகக் குழுவின் தலைவர். அவர் கத்தோலிக்கர், தாய் பிராட்டஸ்டண்டு. ஆண்பிள்ளைகள் தந்தையின் மறையிலும் பெண்பிள்ளைகள் தாயின் மறையிலும் வளர்ந்தனர். கத்தோலிக்கருக்குப் பதவியும் பல உரிமைகளும் மறுக்கப்பட்டிருந்த காலம் அது. 1780இல்தான் லண்டனில் கத்தோலிக்கருக்கு எதிராகப் பெருங்கலவரம் நடந்து ஆலயங்கள் எரிந்தன. சாராவின் தம்பி ஜான் பிலிப் கெம்பிளைக் குருவாக்க வேண்டுமென்று எண்ணிய தந்தை, பிரான்சு நாட்டில் தூயே நகரிலிருந்த ஆங்கிலக் கல்லூரிக்கு அனுப்பினார். அவரோ திரும்பிவந்து நடிகரானார்! தந்தைக்கு வருத்தமாகத்தான் இருந்திருக்கும்.

இவ்விடத்தில் நாம் இன்னொரு பெண்ணையும் நினைத்துக்கொள்ள வேண்டும். அதே ஆண்டுகளில் அருகிலிருந்த கோவென்ட் கார்டன் அரங்கில் நடித்துவந்த எலிசபெத் இன்ச்பால்டு, சஃபோக் வட்டாரத்துக் கத்தோலிக்க உழவர் குடும்பத்தில் 1753இல் பிறந்தவர். அவருக்குத் திக்குவாய். பேச்சுத் தடைப்படும் பெண் நடிகையாவது எப்படி? வசனங்களைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகியே மேடை ஏறினார். பிறகு தாமே நாடகங்களும் நாவல்களும் எழுதிப் பொருளீட்டினார்; தாம் சிக்கனமாக வாழ்ந்து உடன்பிறந்தாருக்குக் கொடுத்து உதவினார். எழுதிவைத்திருந்த தம் வாழ்க்கை வரலாற்றை அச்சிடுவதா வேண்டாமா என்று ஆயர் பாயின்டரிடம் ஆலோசனை கேட்டு, அவர் சொற்படி அழித்துவிட்டார். ஆயர் சொன்னதற்குத் தக்க காரணம் இருந்திருக்கும். ஆயினும் படிக்கும் ஆவலுள்ள நமக்கு அது பெரிய இழப்பே என்று சொல்லத்தான் வேண்டும்.

சாராவிடம் திரும்புவோம். அவர் ட்ரூரி லேன் மேடையில் நிற்பது இது முதல் தடவை அன்று. ஏழாண்டுகளுக்கு முன், 1775 டிசம்பர் 29ஆம் நாள், கேரிக்கின் அழைப்பின்பேரில் ‘வெனிஸ் வணிகன்’ நாடகத்தில் போர்ஷியாவாக வந்தார். இரண்டாவது குழந்தை பிறந்து எட்டு வாரங்கூட ஆகியிருக்கவில்லை. குரல் நடுங்கியது, பாதிப் பேச்சு யாருக்கும் கேட்கவில்லை. பருவம் முடிந்தபின் பர்மிங்ஹாம் நகரில் நடித்துக்கொண்டிருந்தபோது, இனி வரவேண்டியதில்லை என்று ஒரு கடிதம் வந்தது. அந்த அவமானத்தால் அவர் உடல் நலமும் கெட்டது.

பின் வெளியூர்களில் நடித்து, 1778இல் பாத் நகரத்து அரங்கில் சேர்ந்தார். வாரம் மூன்று பவுன் சம்பளம். திங்கட்கிழமைகளில் காலையில் பாத்தில் ஒத்திகை பார்த்துவிட்டு, பிரிஸ்டல் நகருக்குச் சென்று மாலையில் நடித்து, இரவில் பன்னிரண்டு மைல் வண்டியில் திரும்புவார். பாடம் படிப்பது குழந்தைகள் உறங்கிய பிறகுதான். லண்டனிலிருந்து மீண்டும் அழைப்பு வந்தபோது, ஏன் போகிறீர்கள் என்று பாத் மக்கள் வருந்தினர். 1782 மே மாதம் அவர் தம் மூன்று குழந்தைகளையும் மேடைக்கு அழைத்துவந்து நிறுத்தி, நான் போவதற்குக் காரணங்கள் இவையே என்றார்.

அன்றைய நாடகம் ‘இசபெல்லா’. கணவன் போரில் மாண்டான் என்று நம்பிய ஏழை விதவை, மகனைக் காப்பாற்ற வழியின்றி மறுமணம் புரிகிறாள். பின் முதற் கணவன் உயிருடன் திரும்பி வருகிறான். மகனாக நடித்தவன் சாராவின் சொந்த மகன் ஹென்றி, எட்டு வயது. ஒத்திகையில் தாய் இறக்கும் காட்சியைப் பார்த்து, உண்மையாகவே இறக்கிறாள் என்று நம்பிக் கதறி அழுதுவிட்டான்.

முதல் நாளுக்கு முந்திய நாட்களில் அச்சத்தால் சாராவின் தொண்டை கட்டிக்கொண்டது. பழைய கதைதான் மறுபடி நடக்குமோ என்று ஏங்கினார். பத்தாம் தேதி காலையில் விழித்துப் பேசிப் பார்த்தபோது குரல் தெளிந்திருந்தது. முந்திய நாள் முழுவதும் மறைந்திருந்த சூரியனும் வந்துவிட்டது என்று அவரே பின்னாளில் எழுதிவைத்திருக்கிறார். முதிய தந்தை உடன் வந்து ஒப்பனை அறைவரை விட்டுச் சென்றார். உடுத்திவிடும் பெண்கள் திகைக்கும்படி, ஒரு சொல்லும் பேசாமல் உடுத்திக்கொண்டார்.

பிறகு நடந்ததை மேல்மாடத்திலிருந்து நாம் பார்ப்பதாக எண்ணிக்கொள்வோம். கூட்டத்தின் இரைச்சல் அங்கம் அங்கமாக அடங்குகிறது. கடைசியில் கேட்பது விம்மல் ஒலி. பலகைகளில் ஆண்களும் அழுகிறார்கள். சரவிளக்கு எரிவதால் அழுவதை மறைக்கவும் இடமில்லை. முடிவில் எழுந்த ஆரவாரத்துக்குப் பின் சாரா வீட்டுக்குப் போனார். கணவருடனும் தந்தையுடனும் எளிய இரவு உணவு. யாரும் அதிகம் பேசவில்லை. தந்தை மட்டும் இடையிடையே கத்தியையும் முள்கரண்டியையும் கீழே வைத்துவிட்டு, நரைத்த தலையை நிமிர்த்தி, மகிழ்ச்சியால் கண்ணீர் விட்டார்.

நம் பாடத்தோடு தொடர்புள்ள செய்தி இனிமேல்தான் வருகிறது. 1785 பிப்ரவரி 2ஆம் நாள் அவர் லேடி மேக்பெத் ஆனார். உறக்கத்தில் நடக்கும் காட்சியில், அதற்கு முன் அப்பாத்திரத்தில் பெயர் பெற்றிருந்த பிரிச்சர்டு அம்மையார் கையிலிருந்த மெழுகுவர்த்தியை விடாமலே நடிப்பார். சாராவோ அதைக் கீழே வைத்துவிட்டு இரு கைகளையும் கழுவுவதுபோல் நடிக்கத் தீர்மானித்தார். நிர்வாகியான ஷெரிடன் ஒப்பனை அறைக்கே ஓடிவந்து, மரபை மாற்றினால் மக்கள் பொறுக்கமாட்டார்கள் என்று மன்றாடினார். கழுவ வேண்டுமானால் கை இரண்டும் வேண்டுமே என்பதுதான் சாராவின் எண்ணம். மெழுகுவர்த்தியை வைத்தார், மக்கள் ஏற்றுக்கொண்டனர். ஷெரிடனே வந்து பாராட்டினார். அக்காட்சியைப் படிக்கும்போது நாமும் கைகளைக் கவனிப்போம்.

ஆனால் அதே மக்கள் எப்போதும் அப்படி இருக்கவில்லை. கோவென்ட் கார்டன் 1808இல் தீக்கிரையாகி, 1809 செப்டம்பர் 18ஆம் நாள் புதுக் கட்டடத்தில் ‘மேக்பெத்’ நாடகத்துடன் திறக்கப்பட்டது. தம்பி கெம்பிள் நிர்வாகி. அவர் மேக்பெத், சாரா லேடி மேக்பெத். கட்டணம் உயர்ந்துவிட்டது என்று மக்கள் மேடைக்கு முதுகைக் காட்டி நின்று கூச்சலிட்டனர். ஒரு சொல்லும் காதில் விழவில்லை. கலகம் 67 இரவுகள் நீடித்து, கெம்பிள் மன்னிப்புக் கேட்டு, பிட் கட்டணம் பழையபடி மூன்றரை ஷில்லிங் ஆனபிறகே ஓய்ந்தது.

சாரா விடைபெற்றது 1812 ஜூன் 29ஆம் நாள், அதே அரங்கில், அதே வேடத்தில். உறக்கத்தில் நடக்கும் காட்சி முடிந்ததும் மக்கள் எழுந்துவிட்டார்கள். இனி யாரும் நடிக்க வேண்டாம், நாடகம் இத்துடன் நிற்கட்டும் என்றார்கள். எஞ்சிய காட்சிகள் அன்று நடக்கவில்லை. சற்று நேரத்துக்குப் பின் திரை விலகியது. சாரா வேடம் களைந்து வெள்ளை உடையில் வந்து, எட்டு வரிகளோ பத்து வரிகளோ அல்ல, சகோதரியின் மகன் எழுதித் தந்த விடைமொழி முழுவதையும் கூறினார். விளக்குகள் எல்லாம் எரிந்துகொண்டிருந்தன. தம்பி கெம்பிள் வந்து கைகொடுத்து உள்ளே அழைத்துச் சென்றார்.